கல்லைக் காணோம்

பழையாற்றில் நாய்கள்
குனிந்தால் ஓடுவதில்லை.
திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு வந்த
பொங்கியண்ணன் முதல் நாளே கண்டுகொண்டது இதைத்தான்.
குனிந்தான். கை துழாவியது. மணல்.
நாய் வாலாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

பள்ளிக்கூடத்துக்கு ஆழ்துளைக் கிணறு.
மேல்தண்ணீர் உப்பு. கீழே நல்லது இருக்கலாம் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
பத்தடிக்கு ஒருதரம் வெளிவரும் மண்ணைக்
கழுவி, முகர்ந்து, விரலிடையில் தேய்த்து
டப்பாவில் அடைத்து எண் போடுவது வேலை.

பத்து: மஞ்சள் மணல், சிப்பித் துண்டு.
முப்பது: கறுப்புக் களி. அழுகிய வேரின் வாடை.
அறுபது: களி.
எழுபது, எண்பது: களி, களி.
நூற்றுப் பத்து: சாம்பல் மணல். மைக்கா மினுங்குகிறது.

"பாறை எப்பங்க மேடம் வரும்?"
வராது என்றேன்.
"ஆயிரம் அடியிலயாச்சும்?"
அவன் பாறையை உடைத்தே வீடு கட்டியவன்.
உடைக்க ஒன்றுமில்லாத பூமியை
ஏதோ மோசடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

ஒரே ஒருமுறை மேக்கேதாட்டுக்குப் போயிருக்கிறேன்.
உள்ளங்கை சுடச் சுட
பாறை விளிம்புவரை தவழ்ந்து எட்டிப் பார்த்தேன்.
அத்தனை அகலமாய் வந்த ஆற்றை
ஆடு தாண்டும் இடுக்குக்குள் திணித்திருந்தது மலை.
"ஆறு இங்க ஒருக்களிச்சு நிக்குது" என்றார் வனக்காவலர்.
அகலமெல்லாம் ஆழமாகியிருந்தது.
பாறை நெடுக நீர் குடைந்த குழிகள்;
ஒன்றிரண்டில், குடைந்த கல்லே உள்ளே கிடந்தது,
கன்னம் வைத்த வீட்டில் தூங்கிப்போன கள்ளன் மாதிரி.

அன்று கேட்கத் தோன்றவில்லை.
இங்கே, முழங்கைவரை களியோடு நிற்கையில் தோன்றியது:
அந்தப் பள்ளத்தில் முன்பு இருந்ததெல்லாம் எங்கே?

மணல்மேடு பேருந்து நிலையத்துக்குக் கீழே.
ஆச்சாள்புரத்து உளுந்துக்குக் கீழே.
இறால் குட்டைக்கும், அதன் மோட்டார் கொட்டகைக்கும் கீழே.
குடமுருட்டி, அரசலாறு, மண்ணியாறு என்று
பேரை மாற்றி மாற்றிச் சுமந்துவந்து
ஒரு மலையை மல்லாத்திப் போட்டிருக்கிறது,
ஒரு மேடுகூடத் தெரியாமல்.
பள்ளிக்கூடச் சுவர்ப்படத்தில் இந்த இடத்துக்குப் பச்சை.
உயரம் ஏதுமில்லை என்று பொருள்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் சத்தம் மாறியது.
"பாறைங்க!" என்று கத்தினான்.
அரை நிமிடம். மறுபடி மணல்.
சேற்றோடு துப்பப்பட்டு வந்தது
நெல்லிக்காய் அளவில் ஒரு கூழாங்கல்.
கருஞ்சாம்பல், குறுக்கே ஒரு வெள்ளை வரி.
வாங்கிக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தான்.
"எங்கூர்க் கல்லுங்க."
உங்கள் வண்டியிலிருந்து விழுந்திருக்குமோ?
கோபம் வந்துவிட்டது அவனுக்கு.
"இத்தன வழவழப்பு எங்கூர்க் கல்லுக்கு ஏதுங்க?
இது நடந்து வந்திருக்குது."

எழுதினேன்: 312. கூழாங்கல். ஒன்று.
குறிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது;
நடந்து வந்தது என்று எழுத முடியாது.

நானூறில் தண்ணீர்.
தலைமையாசிரியை மங்களவல்லி ஒரு வாய் குடித்து
உப்பில்லை என்றாள்,
கொஞ்சம் இரும்பு வாடை என்றாள்.
அதற்குள் குடங்கள் வந்துவிட்டன.

கடல்காற்றில் பதிவேடு படபடத்தது.
இந்த ஊரில் தாளின் மேல் வைக்கவும் ஒன்றுமில்லை.
கல்லை எடுத்து வைத்தேன்.
பொங்கியண்ணன் இரும்புக் குழாய்களைக் கட்டியபடி
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வண்டி கிளம்பியது.
கும்பகோணம், திருச்சி, கரூர்:
பாதி வழி ஆற்றோரமாகவேதான் ரோடு,
ஏற்றம் என்றே தெரியாத ஏற்றம்.

தாள்கள் பறந்து வேலியில் ஒட்டியிருந்தன.
பொறுக்க ஆரம்பித்தேன்.
நாய் கூடவே வந்தது,
நான் குனிந்தபோதெல்லாம் வாலாட்டிக்கொண்டு.